பழைய பற்களில் ஐசோடோப் பார்க்க: வெப்பநாட்டு மாதிரிகளுக்குச் சில வழிமுறைகள்

ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுவகைகளே ஐசோடோப்கள். பல்லில் அவற்றின் விகிதத்தை அளந்தால் அதற்குரியவர் என்ன உண்டார், எங்கே வளர்ந்தார் என்று ஊகிக்கலாம். அதற்கு வெப்பநாட்டுக் குகையில் கிடைத்த எலும்பை நம்பி இறங்காதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்து அதிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தைச் சிதைத்திருக்கும். தாங்கி நிற்பது பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமல்தான். இலங்கையின் பட்டதொம்பலென, பாஹியன்லென போன்ற குகைகளில் வாழ்ந்தவர்கள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டு உணவை நம்பியிருந்தார்கள் என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியதும் எனாமலை வைத்துத்தான்.

எந்தப் பல் வேண்டும் என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் ஏறக்குறைய மூன்று வயதுக்குள் உருவாகிவிடும். தாய்ப்பாலின் சாயல் அதில் இருக்கும். உணவைப் பற்றித்தான் கேள்வி என்றால் அதை விட்டுவிட்டு ஞானப்பல்லை எடுங்கள். இடம்பெயர்வு என்றால் ஒரே ஆளின் இரண்டும் வேண்டும். பாறையிலிருந்து நீர், உணவு வழியாகப் பல்லில் சேரும் தனிமம் ஸ்ட்ரான்சியம்; பாறைக்கேற்ப அதன் ஐசோடோப் விகிதம் மாறும். இரண்டு பல்லிலும் அந்த விகிதம் வேறுபட்டால், சிறுவயதிலேயே இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு.

டிரில்லைத் தொடுமுன் படமெடுங்கள், அளவெடுங்கள், அச்சு வார்த்து வையுங்கள். துளைத்த இடம் திரும்ப வராது. இதில் அவசரப்படுபவர் கையில் நான் பல்லைக் கொடுப்பதில்லை. மேற்பரப்பை லேசாகச் சுரண்டி அழுக்கை நீக்கிவிட்டு, வைரமுனையைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, பல்லின் நுனியிலிருந்து ஈறுப்பக்கம் வரை மெல்லிய கோடாக இழுங்கள். அப்போதுதான் அந்தப் பல் வளர்ந்த காலம் முழுவதற்குமான சராசரி கிடைக்கும். எனாமல் கண்ணாடிபோல் முரண்டுபிடிக்கும். முனை சட்டென்று சுலபமாக உள்ளே இறங்கினால் நிறுத்துங்கள், எனாமலுக்கு அடியிலுள்ள மென்மையான டென்டினுக்குள் போய்விட்டீர்கள். சில மில்லிகிராம் பொடி போதும். அதை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் மண்ணிலிருந்து ஏறிய கார்பனேட் கரையும். அப்புறம் தூய நீரில் அலசி உலர்த்தி, கார்பன் ஐசோடோப் விகிதத்தை அளவிட அனுப்பலாம்.

மனிதப் பல்லை மட்டும் அனுப்பிப் பயனில்லை. அதே மண்ணடுக்கில் கிடைத்த மான், குரங்குப் பற்களும் கூடவே போகட்டும். அடர்காட்டு நிழலில் வளரும் செடிகளைத் தின்ற விலங்கின் கார்பன் எண் (கார்பன்-12உடன் ஒப்பிட்ட கார்பன்-13இன் அளவு) மிகவும் கீழே இருக்கும், வெட்டவெளிப் புல்லை மேய்ந்ததன் எண் மேலே இருக்கும். மனிதரின் எண் இவற்றில் எதன் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால்தான் அதற்கு அர்த்தம் கிடைக்கும்.

ஸ்ட்ரான்சியத்துக்கு ஒப்பிட, சுற்றுவட்டாரத்தின் செடி, நத்தை ஓடுகளைச் சேகரியுங்கள். உரம் போட்ட வயல்பக்கம் போகவே வேண்டாம், உரத்தின் ஸ்ட்ரான்சியம் கலந்திருக்கும். அப்புறம், எண் அந்த ஊரோடு ஒத்துப்போனாலும் "இங்கேயே வளர்ந்தவர்" என்று உடனே எழுதிவிடாதீர்கள். அதே வகைப் பாறை தொலைவிலும் இருக்கலாம்.