நைஜீரியாவின் மாணவர் ரகசியக் குழுக்கள்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நைஜீரியப் பல்கலைக்கழகங்களின் ‘கல்ட்’ எனப்படும் மாணவர் ரகசியக் குழுக்கள் என்றதும் பலர் மாந்திரீகம், நரபலி என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். புதிதாகச் சேர்பவனை இரவில் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் அடித்துச் சத்தியம் வாங்குவது உண்மை. ஆனால் இந்தக் குழுக்கள் நிலைத்திருப்பது மந்திரத்தால் அல்ல. கையில் ஆயுதம் இருக்கிறது, தட்டிக்கேட்க ஆளில்லை. அவ்வளவுதான்.

அடுத்தது, பழியை நோபல் பரிசு பெற்ற நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்கா தலையில் கட்டுவது. 1952-ல் இபடான் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவரும் ஆறு நண்பர்களும் தொடங்கிய பைரேட்ஸ், மேட்டுக்குடித் திமிரையும் இனப் பாகுபாட்டையும் எதிர்த்த குழு. அதிலிருந்து பிரிந்தவர்களும் போட்டிக்கு முளைத்தவர்களும் பின்னாளில் மோதிக்கொண்டார்கள். 1984-ல் பைரேட்ஸே வளாகங்களை விட்டு வெளியேறிவிட்டது.

‘பசங்க சண்டை’, ‘ராகிங் மாதிரி’ என்று சொல்வதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ராணுவ ஆட்சிக் காலத்தில் அரசை எதிர்த்து நின்றவை மாணவர் சங்கங்கள். அவற்றை அடக்க இந்தக் குழுக்களுக்கு மறைமுக ஆதரவு கிடைத்தது என்பது அங்கே பரவலான குற்றச்சாட்டு. இலே-இஃபேயில் உள்ள ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1999 மார்ச்சில் ஆயுதங்களோடு பதுங்கியிருந்த ரகசியக் குழு ஆட்கள் சிலரை மாணவர் சங்கத்தினரே பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஜூலை 10 விடியுமுன் முகமூடிக் கும்பல் ஒன்று விடுதிக்குள் புகுந்து சுட்டது. ஐந்து மாணவர்கள் செத்தார்கள். அவர்களில் ஒருவர் சங்கத்தின் பொதுச்செயலாளர், சட்டம் படித்த ஜார்ஜ் இவிலாடே. பிடித்துக் கொடுத்த பையன்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். பெரியவர்கள்தான் செய்யவில்லை.

சட்டம் போட்டால் ஒழிந்துவிடும் என்பதும் தவறு. 1989-லேயே தடை ஆணை வந்துவிட்டது. இஃபே படுகொலை அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து நடந்தது.

சேர்ந்தவர்கள் எல்லோரையும் பிறவி ரௌடிகளாக நினைக்காதீர்கள். பயந்து, பாதுகாப்புக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு. விருந்து என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. விலக நினைப்பவனுக்கு உயிர் பயம்.

பட்டம் வாங்கியதும் முடிந்துவிடும் என்ற நினைப்பும் வேண்டாம். 2003 தேர்தலில் ரிவர்ஸ் மாநில அரசியல்வாதிகள் இத்தகைய கும்பல்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். பெனின் பல்கலைக்கழகத்தில் வேர்விட்ட பிளாக் ஆக்ஸ் என்ற குழுவின் ஆட்களைத் தேடி, இணைய மோசடி வழக்குகளில் 2022-ல் இன்டர்போல் பல நாடுகளில் கைது நடவடிக்கை எடுத்தது.