செத்தவன் திரும்பி வரும் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் குறும்படம் எடுக்கக் கிளம்பும் பலருக்கு ஏற்காட்டுப் பனிமூட்டத்தைப் பார்த்ததும் ஒரே கதைதான் தோன்றுகிறது. கொல்லப்பட்டவன் எழுந்து வருகிறான், கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். நல்ல கதைதான். காமிக்ஸிலிருந்து பிறந்த இவ்வகைப் படங்களில் 1994-இல் வந்த ‘தி க்ரோ’வுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் அதிலிருந்து நம்மவர்கள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கறுப்புக் கோட்டையும் வெள்ளை முகப்பூச்சையும்தான்.

துக்கத்தைத் தாண்டி நேராக அடிதடிக்குப் போவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. ‘தி க்ரோ’ காமிக்ஸை உருவாக்கிய ஜேம்ஸ் ஓ’பார் மணக்கவிருந்த பெண், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் இறந்துபோனார். அந்த வலியில் வரைந்த கதை 1989-இல் கறுப்பு வெள்ளைக் காமிக்ஸாக வெளிவந்தது. படத்தில் நாயகி ஷெல்லி உயிரோடு வரும் காட்சிகள் துண்டு துண்டானவை. இருந்தும் நமக்கு அவள் வேண்டியவள் ஆகிவிடுகிறாள். அவளுடைய காதலனும் செத்து எழுந்து வரும் நாயகனுமான எரிக் பாழடைந்த வீட்டுக்குத் திரும்பிப் பூனையைத் தொடும்போது பழைய நாட்கள் பாய்ந்து வருகின்றன. அடகுக்கடைக்குப் போய் அவளுடைய மோதிரத்தைத் தேடுகிறான். கடைசியில் வில்லனைச் சாய்ப்பதும் எரிக்கின் கைபலம் இல்லை. மருத்துவமனையில் ஷெல்லி துடித்த 30 மணி நேர வலியை மொத்தமாக அவனுக்குள் இறக்குகிறான். எனவே செத்தவள் விட்டுப்போன ஒரு பொருளையும், அவளை நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு ஆளையும் எழுதாமல் முதல் கொலையை எழுதாதீர்கள்.

அடுத்தது, திரும்பி வந்தவனுக்கு எல்லையே வைக்காமல் விடுவது. குண்டு பட்டாலும் சாகமாட்டான் என்று தெரிந்தபின் சண்டையில் யாருக்குப் பதற்றம் வரும்? ‘தி க்ரோ’வில் எரிக்கை எழுப்பிக் கூட்டிவரும் காகத்துக்குக் காயம் பட்டால் எரிக்கும் பலவீனமாகிறான். கொன்ற கணவனைப் பேயாக வந்து பழிவாங்கும் நம் பழையனூர் நீலி கதையில் இது இன்னும் அழகு. கணவன் கையில் மந்திர வாள் இருக்கும்வரை நீலியால் அவனை நெருங்க முடியாது. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபையில் மனைவியாக நின்று வாதாடி, அந்த வாளை அவனிடமிருந்து பிரிக்க வேண்டியிருக்கிறது. பேய்க்கும் தடை இருந்தால்தான் கதை நகரும்.

சரி, படப்பிடிப்புக்கு வருவோம். பனிமூட்டம் இருந்தாலே பயம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். தானியங்கி அமைப்பில் விட்டால் கேமரா வெள்ளைப் பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடும், ஃபோகஸும் அலைபாயும். இரண்டையும் கையால் வையுங்கள். விளக்கை முன்னாலிருந்து அடித்தால் பனி முழுக்க வெளுத்து ஆள் மறைந்துபோவார். பின்னாலோ பக்கவாட்டிலோ வைத்தால் உருவம் கறுப்பாக வெட்டித் தெரியும், காமிக்ஸ் பக்கம் போலவே. குளிரிலிருந்து சூடான அறைக்குள் கேமராவைச் சட்டென்று கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் படியும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருங்கள். அப்புறம், சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் ஆளை நிறுத்திப் படம் எடுக்கவே வேண்டாம். கீழே வரும் பஸ்காரருக்குப் பனியில் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

துப்பாக்கி விஷயத்தில் விளையாட்டே கூடாது. எரிக்காக நடித்த பிராண்டன் லீ 1993 மார்ச் 31 அன்று இறந்தது படப்பிடிப்பில்தான். முன்பு எடுத்த காட்சிக்கான போலித் தோட்டாவிலிருந்து கழன்ற குண்டுமுனை துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே தங்கியிருந்தது. குழலை யாரும் சரிபார்க்கவில்லை. பிறகு குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைச் சுட்டபோது, அதன் விசையில் அந்த முனை பாய்ந்து அவர் வயிற்றில் இறங்கியது. அவருக்கு வயது 28. குறும்படத்துக்குப் பிளாஸ்டிக் துப்பாக்கி போதும். வெடிச் சத்தத்தையும் தீப்பொறியையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, காமிக்ஸ் கதாபாத்திரத்தை அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். யூடியூபில் ஏற்றியபின் உரிமையாளர் புகார் கொடுத்தால் படமே போய்விடும். நீலிக்கு அப்படி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.