விரை இறங்கவில்லையா? பெற்றோர் சறுக்கும் இடங்கள்

குளிப்பாட்டும் பாட்டிதான் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பார்: "ஒரு பக்கம் காலியா இருக்கே." அப்புறம் அவரே, "வளர வளர இறங்கிடும், விடும்மா" என்று சொல்லிவிடுவார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல்.

விரை (ஆண் விதை) உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். குபர்னாகுலம் என்ற திசுப்பட்டை வழிகாட்ட, தொடையிடுக்கு வழியாகக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் அது விரைப்பைக்கு வந்து சேரும். குறைமாதக் குழந்தைகளிடம் இது அதிகம் காணப்படுவது அதனால்தான். நிறைமாதத்தில் பிறந்த நூறு ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 3 பேருக்கு இப்படி இருக்கும். பலருக்கு முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். 6 மாதத்துக்குப் பிறகும் இறங்காவிட்டால் இனி இறங்குவது அரிது. குறைமாதக் குழந்தை என்றால் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருப்பதுதான் பெரிய தவறு. பை உடல் சூட்டைவிடச் சில டிகிரி குளிர்ச்சியானது. உள்ளேயே வெந்துகொண்டிருக்கும் விரையில் விந்தணுவுக்கு மூலமான செல்கள் குறையும், பிற்காலத்தில் புற்றுநோய் வாய்ப்பும் கூடும். அதனால் அறுவை சிகிச்சையைப் பொதுவாக 18 மாதத்துக்குள் முடித்துவிடுகிறார்கள்.

அடுத்த குழப்பம் நம் ஊர் ஏசியால் வருவது. சில்லென்ற அறையில் பேம்பர்ஸைக் கழற்றியதும் விரையை மேலே தூக்கும் கிரிமாஸ்டர் தசை சுருங்கி, நன்றாக இறங்கியிருந்த விரையையும் மேலே இழுத்துவிடும். வெந்நீரில் குளிக்கும்போது பார்த்தால் கீழே இருக்கும். இப்படி ஏறி இறங்கும் விரைக்குப் பெரும்பாலும் கத்தி வேண்டாம். ஆனால் "சரி, ஒன்றுமில்லை" என்று மறந்தும்விடக் கூடாது. சில பையன்களுக்கு அது பின்னாளில் மேலேயே தங்கிவிடும், ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை காட்டுவது நல்லது.

ஸ்கேன் எடுத்தே தீரவேண்டும் என்று மருத்துவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். பெரும்பாலான விரைகள் அனுபவமுள்ள விரல்களுக்கே தட்டுப்படும். தட்டுப்படாதது வயிற்றுக்குள் இருக்கிறதா, இல்லவே இல்லையா என்பதை அல்ட்ராசவுண்டால் நம்பகமாகச் சொல்ல முடியாது, சிறு துளை வழியே கேமராவை விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிதான் சொல்லும்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தடுப்பூசி போடும் நாளிலேயே கேட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் தட்டுப்படவில்லை என்றால் தடுப்பூசி நாள்வரை தள்ளக் கூடாது; ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். தொடையிடுக்கு வீங்கி, குழந்தை வலியில் வீறிட்டு அழுதால் நேரே அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். குடலிறக்கம் சிக்கியிருக்கலாம், விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டிலும் கையில் இருப்பது சில மணி நேரம்தான்.