ஜெயில்ல இருந்து வர்றவனுக்கு முதல் ரெண்டு கிழமை, வீட்டாளுங்க என்ன செய்யணும்

குடு (ஹெரோயின்) கேஸ்ல உள்ள போனவன் வெளிய வரப்போறான்னா லயத்துல எல்லாரும் சொல்றது "இவ்ளோ நாள் உள்ள இருந்துட்டான்ல, இனி விட்டுருவான்". விடுறது அப்புறம், மொதல்ல உசுரோட இருக்கணும். உள்ள பாவிக்காம இருந்து இருந்து ஒடம்புக்கு பழைய தாங்குற சக்தி போயிருக்கும், வெளிய வந்து பழைய அளவையே எடுத்தான்னா மூச்சு நின்னுரும். கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்துல இருந்து வந்தாலும் இதே கததான். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல செஞ்சு 2007ல வெளிவந்த ஆய்வுல, விடுதலையாகி முதல் ரெண்டு கிழமையில ஓவர்டோஸ்ல சாகுற ஆபத்து மத்தவங்கள விட 129 மடங்குன்னு கண்டாங்க. ஸ்கொட்லாந்துல 2011லருந்து ஜெயில விட்டு போறவங்க கையிலயே, குடுவால அடங்குன மூச்ச திரும்ப வர வைக்கிற நலொக்சோன் மருந்து குடுத்து அனுப்புறாங்க. நமக்கு அது கடையில வாங்குற சாமான் இல்ல, அதனால வீட்டாளுங்கதான் ரெடியா இருக்கணும்.

பல்லேகலையோ பதுளையோ, பாக்க போறப்பவே நலன்புரி உத்தியோகத்தர கேட்டு சந்திங்க, எப்ப விடுறாங்க, உள்ள என்ன மருந்து குடுத்தாங்கன்னு விசாரிங்க. 1927க்கு கோல் எடுத்தா அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டு சபையில பேசுவாங்க, கண்டியில அவங்க சிகிச்சை நிலையமும் இருக்கு. விடுற அன்னைக்கு கேட்டடியில யாராச்சும் நில்லுங்க, தனியா பஸ் ஏற விட்டுறாதீங்க.

அவன்கிட்ட நேரா பேசுங்க. எடுக்காதன்னு சொல்லுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க: ஒருவேளை எடுத்தா தனியா எடுக்காத, கதவ பூட்டாத, பழைய அளவு வேணாம், சாராயம் கசிப்பு தூக்க மாத்திரையோட கலக்கவே கலக்காத. இப்படி சொன்னா நீயே எடுக்க சொல்ற மாதிரின்னு பெருசுங்க ஏசுவாங்க, ஏசட்டும்.

இனி முக்கியமானது. காம்பராவுல படுத்திருக்கான், கரகரன்னு ஒரு மாதிரி குறட்டை வருது, ஆள் நல்லா தூங்குறான்னு விட்டுட்டு கொழுந்துக்கு போயிறாதீங்க. சத்தமா கூப்பிடுங்க, நெஞ்செலும்புல விரல் முட்டிய வச்சு அழுத்தி தேய்ங்க. எந்திரிக்கல, மூச்சு விட்டு விட்டு வருது, உதடு நீலமாகுது, கண்ணு மணி ஊசி முனையளவு சுருங்கியிருக்குன்னா ஓவர்டோஸ்தான், உடனே 1990 அடிங்க, ஆம்புலன்ஸுக்கு காசில்ல. தோட்டம், டிவிசன், எந்த லயம்னு தெளிவா சொல்லி ஒருத்தர டோர்ச்சோட மெயின் ரோட்டுக்கு அனுப்புங்க, இல்லாட்டி ராத்திரியில மேல் டிவிசன கண்டுபிடிக்க மாட்டாங்க. போலீசுக்கு பயந்து தாமதிக்காதீங்க, கேஸ் வந்தா லோயர் பாத்துக்குவாரு.

மூச்சு போதலன்னா மல்லாக்க போட்டு தலைய பின்னால சாய்ச்சு மூக்க பிடிச்சுக்கிட்டு வாயில ஊதுங்க, அஞ்சு செக்கனுக்கு ஒருக்கா, ஊதுறப்ப நெஞ்சு மேல எழும்பணும். நெஞ்சு அசைவே இல்லாம பொணம் மாதிரி கெடந்தா நடு நெஞ்சுல அமுக்கவும் ஆரம்பிங்க, 1990ல போன்லயே கேட்டு செய்ங்க. மூச்சு சரியா வந்தா ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாந்தி தொண்டையில அடைக்காது. தேசிக்காத்தண்ணி, உப்புத்தண்ணி, மோர் ஒன்னும் வாயில ஊத்தாதீங்க, பச்சத்தண்ணிலயும் குளிப்பாட்டாதீங்க.

ஆஸ்பத்திரியில என்ன எடுத்தான்னு மறைக்காம சொல்லுங்க, ஐஸ்னா (மெத்தம்பெட்டமைன்) நலொக்சோன் வேல செய்யாது. குடுவுக்கு அந்த ஊசி போட்டதும் ஆள் படக்குனு எந்திரிச்சு வீட்டுக்கு போறேன்னு சண்ட பிடிப்பான். கூட்டிட்டு வந்துறாதீங்க, மருந்து வேகம் அரை மணியிலருந்து ஒன்றரை மணித்தியாலத்துல இறங்கிரும், குடு இன்னும் ஒடம்புல இருந்தா திரும்பவும் மூச்சு அடங்கும். டொக்டர் துண்டு வெட்டுற வரைக்கும் வார்டுலயே இருக்கட்டும்.