இருபது பக்கப் பகடை இல்லையா? சீட்டுக் குலுக்குங்கள்

பகடை உருட்டிக் கற்பனைக் கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடிப் பார்க்க ஆசை, ஆனால் இருபது பக்கப் பகடை இல்லை என்றால், 1 முதல் 20 வரை துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஒரே மாதிரி மடித்து, ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டை உடனே திரும்பப் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு முறையும் எல்லா எண்ணுக்கும் இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கும். லூடோ பகடை இரண்டை உருட்டிக் கூட்டினால் சரிவராது: 7 விழ 36இல் 6 வழி, 12 விழ ஒரே வழிதான்.

இந்த விளையாட்டில் வரும் நெருப்புருண்டை (Fireball) மந்திரம் எவ்வளவு சேதம் செய்கிறது என்று பார்க்க எட்டு ஆறுபக்கப் பகடைகள் உருட்டிக் கூட்ட வேண்டும். அங்கே சீட்டு வேண்டாம், லூடோ பகடையையே எட்டு முறை உருட்டிக் கூட்டிக்கொள்ளுங்கள். வாராவாரம் ஆடப்போகிறீர்களா? சரி, இந்த விளையாட்டுக்கென்றே விற்கும் ஏழு பகடை கொண்ட செட்டையே வாங்கிவிடுங்கள்.