புறக்கோட்டைத் தெருவொன்றில் பழைய கட்டட விழா: செய்முறை

கொழும்பு முழுவதற்கும் பாரம்பரிய விழா எடுக்கிறோம் என்று யாராவது கிளம்பினால் நான் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. ஒரு தெரு போதும். அதிலும் ஒரு பக்கம் மட்டும், ஒரு முனையிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரை என்று வைத்துக்கொண்டால் காலையில் தொடங்கிப் பகலுக்குள் உருப்படியாக ஏதாவது செய்துவிடலாம். என் விழாவில் மூன்று வேலை: தெருவில் ஒரு நடை, கட்டட முகப்புகளை அளந்து வரைவது, இன்னொரு நாளில் பழைய படம் சேகரிக்கும் மேசை.

நான் கொட்டாஞ்சேனைக்காரி, படவரைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் என் அளவுகோல் கொஞ்சம் கறாரானது. விழா முடிந்து கதிரைகளை அடுக்கும்போது, அந்தத் தெருவைப் பற்றி அதுவரை எந்தத் தாளிலும் இல்லாத ஒரு விஷயமாவது தாளில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் நாம் செய்தது சுற்றுலா.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சட்டம் அப்படி. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்திருக்கிறது, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்திய கட்டடத்துக்குத் தானாகவே ஒரு பாதுகாப்பு உண்டு. பிந்தியதென்றால் அரசிதழான வர்த்தமானியில் அறிவித்தால்தான் உண்டு. ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் முடித்த வுல்வெண்டால் தேவாலயம் அந்த எல்லைக்கு முந்திய பக்கம். பழைய நகர மண்டபம் (1873), கார்கில்ஸ் கட்டடம் (1906), இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசல் (1908-09) எல்லாம் பிந்திய பக்கம். இவற்றுக்காவது பெயர் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பெயரில்லாத மாடிக்கடை ஒருநாள் தகரவேலிக்குள் மறையும். மறுமாதம் வெறும் காணி. அதற்காகக் கடிதம் எழுதவாவது அளவும் படமும் வேண்டுமே.

சரி, தெருவைத் தெரிவு செய்தாயிற்று. முதல் நடைக்குத் தாள் கோவையும் பேனாவும் கொண்டு போகாதீர்கள். தாளோடு வருகிறவரைக் கண்டால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, முனிசிப்பல்ல இருந்தா வாறீங்க?" என்பதுதான். சோலைவரியை, அதாவது மாநகர சபைக்குக் கட்டும் கட்டட வரியை, கூட்டப் போகிறார்கள் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் வாடகை சம்பந்தமானது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் நிழலில் பழைய வாடகைக்கு இருப்பவர்கள் இங்கே பலர். வாடகை அற்பம் என்பதால் சொந்தக்காரர் ஓடு மாற்ற மாட்டார். தன் செலவில் மாற்றினால் நாளைக்கு யாருக்கு லாபம் என்று குடியிருப்பவரும் மாற்ற மாட்டார். நடுவில் கூரை ஒழுகும். இந்த இழுபறிக்குள் மூன்றாம் ஆளாக நாம் நுழைகிறோம் என்பதை மறக்கக் கூடாது. கட்டடம் யாருடையது, வாடகை எவ்வளவு, வழக்கு ஏதும் உண்டா என்று எதையும் கேட்காதீர்கள். காணி உறுதிப் பத்திரத்தை அவர்களாக நீட்டினாலும் படம் எடுக்காதீர்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: "நானா, மேல்மாடிக்கு எந்தப் படியால போறது?" இதற்குப் பதில் சொல்ல யாரும் பயப்படுவதில்லை. பாதிப் பேர் தாங்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். துணிப்பொதிகளுக்கு மேலே தேக்குப் பலகை போட்ட தளம், நிறக்கண்ணாடி பதித்த யன்னல், இரும்புக் கைப்பிடி என்று ஒவ்வொன்றாக வெளிவரும். புறக்கோட்டையில் கீழ்த்தளம் எல்லாம் பெயர்ப்பலகையும் அலுமினியமும்தான். பழைய கட்டடம் மேலே இருக்கிறது.

நாள் குறிப்பதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. ஏப்ரல் 18 சர்வதேச நினைவுச்சின்னங்கள் தினம். நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான இக்கோமொஸ் 1982இல் முன்வைத்ததை யுனெஸ்கோ மறுவருடம் ஏற்றுக்கொண்டது. எல்லாரும் அந்தத் திகதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அது சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த சில நாள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று ஊருக்குப் போன சனம் திரும்பியிருக்காது. வெயிலும் மண்டையைப் பிளக்கும். நடைக்கும் அளவெடுப்புக்கும் தை முதல் மாசி வரையான ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், லொறி குறைவு, சுமை தூக்கும் நாட்டாமிமாரின் தள்ளுவண்டிகளுக்கு நாம் இடைஞ்சலில்லை, அண்ணாந்து பார்க்கலாம். முன்கூட்டியே கடைக்காரரிடம் பேசி, இரண்டு மூன்று கதவையாவது திறக்கச் சொல்லுங்கள். பூட்டிய தகரக் கதவுகளைப் பார்க்க யாரும் விடியவே எழும்பி வர மாட்டார்கள்.

படம் சேகரிக்கும் மேசை மட்டும் வேறு நாளில். செட்டியார் தெருவுக்கு ஆடிவேல் தேர்த் திருவிழாவும், கொச்சிக்கடைக்கு ஜூன் 13 அந்தோனியார் திருநாளும் இருக்கின்றன. வெள்ளவத்தைக்கும் வத்தளைக்கும் குடிபோனவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த நாட்களில் பழைய தெருவுக்கு வருவார்கள். தேர் போகிற நேரத்தில் மேசை போடாதீர்கள், நசுங்கிவிடும். முந்திய மாலை சரியாக இருக்கும். பழைய அல்பத்தைக் கொண்டுவரச் சொல்லி ஒரு வாரத்துக்கு முன்பே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் துண்டுப்பிரசுரம் கொடுங்கள்.

இந்த மேசைதான் என் கணக்கில் விழாவின் உயிர். வேண்டியது நிழல், வெள்ளைத் துணி விரித்த மேசை, நல்ல கைத்தொலைபேசி, பென்சில், பொறுமை. படத்தை வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. கண்முன்னால் பிரதி எடுத்து அப்போதே திருப்பிக் கொடுக்க வேண்டும். கல்யாணப் படத்தில் நமக்கு வேண்டியது மாப்பிள்ளையும் பெண்ணும் இல்லை, அவர்களுக்குப் பின்னால் நிற்கிற கதவு. "இந்தக் கதவு எங்க இருக்கு, ஆன்ட்டி?" என்று கேட்டால் போதும். விறாந்தை எந்தப் பக்கம், தரையில் என்ன நிறப் பூக்கல், கிணறு எப்போது மூடப்பட்டது என்று அரைமணி நேரம் பேசுவார்கள். பக்கத்தில் ஒரு பிள்ளை எழுதிக்கொண்டே இருக்கட்டும். படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு சிறு தாளில் கையெழுத்து வாங்குங்கள். 2005 முதல் இணையத்தில் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் இப்படியான ஆவணங்களைச் சேர்க்கலாம். நம் வன்தட்டில் மட்டும் கிடந்தால் அது நம்மோடு போய்விடும்.

அளவெடுப்புக்குக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர், ஒரு முப்பது மீற்றர் நாடா, சதுரக்கோட்டுத் தாள். முகப்பின் அகலம், தூண்களுக்கு இடையிலான தூரம், கதவு யன்னல் அளவு, இவ்வளவும் தரையில் நின்றே எடுக்கலாம். உயரத்துக்கு, இரண்டு மீற்றர் தடியில் பத்துப் பத்துச் சென்ரிமீற்றருக்குக் கறுப்பு வெள்ளை பூசிச் சுவரோடு சாய்த்து, நேரெதிரே தள்ளி நின்று படம் எடுங்கள். தடியை வைத்து மேல்மாடியின் உயரத்தை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். ஒன்றுக்கு ஐம்பது அளவில் வரைந்தால் சாதாரண மாடிக்கடை முகப்பு ஒரே தாளில் அடங்கும். கூரை விளிம்பின் மரச்சித்திரப் பலகையை மட்டும் பெரிதாகத் தனியே வரையச் சொல்லுங்கள். முதலில் உக்கி விழுவது அதுதான்.

பேச்சாளருக்குப் பொன்னாடை வாங்குகிற காசை ஒரு மேசன் பாஸுக்குக் கொடுங்கள், சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்தவராகப் பார்த்து. பழைய சுவர்கள் கபுக் எனும் செம்பூராங்கல்லும் சுண்ணாம்பும். ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, கல்லை மாவாக்கிவிடும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரண்டு சாந்தையும் பக்கத்தில் வைத்து, தண்ணீர் தெளித்துக் காட்ட வேண்டும். தொண்டர்களிடம் தூரிகையைக் கொடுத்துச் சுவருக்கு வர்ணம் பூசவைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பதாகையைப் பழைய மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடுவதும் அப்படித்தான்.

நடையை வழிநடத்துபவர் ஆண்டுகளை ஒப்புவித்தால் பிள்ளைகள் தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். ஆட்களைப் பற்றிச் சொல்லுங்கள். கோட்டையின் மணிக்கூட்டு வெளிச்சவீட்டை வடிவமைத்தவர் ஆளுநர் வார்டின் மனைவி. சுற்றியெழுந்த கட்டடங்கள் வெளிச்சத்தை மறைத்ததால் 1952இல் அதை நிறுத்திவிட்டார்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். தேசிய நூதனசாலையை (அருங்காட்சியகத்தை) கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். 1877இல் அது திறக்கப்பட்டபோது என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் மூடி வையுங்கள் என்றாராம். இந்தக் கதையைச் சொன்ன பிறகு முஸ்லிம் பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரம் தவிர்த்து, முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். தலையை மூடத் துணி கொண்டு வாருங்கள். கோயில் பகலில் நடை சாத்தும். கோட்டைப் பக்கம் துறைமுகமும் ஜனாதிபதி மாளிகையும் இருப்பதால் பொலிஸுக்குக் கடிதம் கொடுத்துவிட்டுக் கமெராவைத் தூக்குங்கள். பிளேன்டியும் வடையும் அந்தத் தெருக் கடையிலேயே வாங்குங்கள்.

அடுத்த தெருக்காரர் தாங்களும் செய்ய வேண்டும் என்று வந்தால் குழு, தலைவர், பொருளாளர் என்று இழுக்காதீர்கள். சென்னையில் 2004இல் தொடங்கிய, அந்நகரைக் கொண்டாடும் மெட்ராஸ் தினம் அப்படித்தான் பெருகியது. யார் வேண்டுமானாலும் தங்கள் செலவில் ஒன்றை நடத்தலாம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான எஸ். முத்தையா, கொழும்பில் 'டைம்ஸ் ஒஃப் சிலோன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நம் ஆளை நாமே பின்பற்றலாமே.

வரைபடம் முடிந்ததும் ஒரு பிரதியைச் சட்டம் போட்டுக் கடைக்காரரிடம் கொடுங்கள். கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் அது ஏறினால், உடைக்கிற பேச்சு வரும்போது முதல் தொலைபேசி அழைப்பு உங்களுக்குத்தான். மற்றப் பிரதிகளைத் தொல்பொருள் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை, மாநகர சபை மூன்றுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோவையில் போடுங்கள். அந்தக் கட்டடம் வர்த்தமானியில் இருக்கிறதா என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொல்லாவிட்டால் மேன்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. கேள்வியைத் தமிழிலேயே எழுதலாம்.