சும்மா கிடக்கும் போன் ஒயரில் நெட் ஓட்டலாம்

களியக்காவிளையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. பழைய வெட்டுக்கல் கட்டு, சுவர் ஒன்றரை அடி. முன்னறை மோடத்தின் வைஃபை அடுக்களை வரைக்குமே திணறித்தான் வரும். ரப்பர் ஷீட் புரையை (கொட்டகையை) ஒட்டி நான் ஆன்லைன் டியூஷன் எடுக்கிற அறையில் சுத்தமாகக் கிடையாது. ஆனால் அந்த அறைக்கு ஒரு போன் ஒயர் போகிறது. கோட்டயத்து வியாபாரி விலை சொன்னால் புரையிலிருந்தே கேட்க மாமா அந்தக் காலத்தில் இழுத்த எக்ஸ்டென்ஷன்.

புது நெட்வொர்க் கேபிள் இழுக்க வழியிருந்தால் அதையே இழுங்கள். சுவரைக் குத்த மனசில்லாதவர்களுக்குத்தான் இது.

வாங்க வேண்டியது விடிஎஸ்எல் ஈதர்நெட் எக்ஸ்டென்டர், ஒரு ஜோடி: போன் ஒயரின் இரண்டு முனையிலும் மாட்டி, அதன் வழியே நெட்டை அனுப்பும் பெட்டிகள். சுவரில் இருக்கும் போன் பெட்டியைப் பிரிக்கும் முன் வெளியிலிருந்து வரும் போன் லைனைக் கழற்றிவிடுங்கள். உயிருள்ள லைனில் 48 வோல்ட் டிசி இருக்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட் ஏசி அளவில் வரும், கையைச் சுண்டிவிடும். அதே லைனில் பழைய டிஎஸ்எல் பிராட்பேண்டும் வருகிறதென்றால் இந்த வேலையே வேண்டாம். இரண்டும் ஒரே அலைவரிசைக்கு அடித்துக்கொள்ளும்.

அடுத்து ஒயர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி 30 மீட்டர் ஓடினால் போக வர சுமார் 5 ஓம் காட்டும். எனக்கு 40 காட்டியது. புரைப் பக்கத்து ரொசெட் பெட்டியை (ஒயர் வந்து முடியும் போன் பெட்டி) திறந்தால் உள்ளே இரண்டு பல்லி முட்டை, ஸ்குரூவைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. நுனியை நறுக்கி, புதுச் செம்பு தெரியச் சீவி முறுக்கினேன். 5-க்கு வந்தது.

அப்படியும், எக்ஸ்டென்டர்களை மாட்டினால் லிங்க் லைட் (இரண்டும் இணைந்ததைக் காட்டும் விளக்கு) மின்னிக்கொண்டே இருந்தது, நிலைக்கவில்லை. இரண்டு நாள் எக்ஸ்டென்டரைத் திட்டினேன். குற்றம் அடுக்களையில். நடுவழியில் ஒரு கிளை பிரிந்து அங்கே ஒரு சாக்கெட்டில் போய் முடிகிறது. பேசுவதற்கு அதனால் ஒன்றும் கெடாது. நெட்டுக்கு அப்படியல்ல: கிளைக்குள் போன சிக்னல் முட்டுச்சந்தில் மோதித் திரும்பி வந்து நேராகப் போகிறதைக் குழப்பிவிடும். அதனால் கிளைகள் எல்லாவற்றையும் பிரியும் இடத்திலேயே விடுவிக்க வேண்டும், சாக்கெட்டில் அல்ல. "மோளே, அந்த ஒயர அறுத்துராத" என்றார் மாமா. அறுக்கவில்லை, ஸ்குரூவைத் தளர்த்தி எடுத்து டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

மற்றது லேசு. மோடம் பக்கம் இருப்பதை மாஸ்டராகவும் மறுபக்கத்தை ஸ்லேவாகவும் அதன் குட்டி ஸ்விட்சில் வையுங்கள். இரண்டையும் ஒரே மாதிரி வைத்தால் பேசிக்கொள்ளாது. போன் பின்னை ஈதர்நெட் ஓட்டையில் திணிக்காதீர்கள். உள்ளே போகும், ஓரத்துப் பின்களை நசுக்கிவிடும். ஸ்லேவிலிருந்து ஒரு பழைய ரவுட்டருக்குக் கொடுத்தேன். 80 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் வேகம் வருகிறது.

எங்கள் பக்கம் துலா மாத (ஐப்பசி) இடியைச் சொல்லாமல் விட முடியாது. ஓட்டுக்கு வெளியே கொஞ்ச தூரம் ஓடும் ஒயர் அது. போன வருஷம் ஒரு எக்ஸ்டென்டர் கருகியது. இப்போது மதியம் தாண்டி மலைப் பக்கம் இருட்டினால் அத்தை அடுக்களையிலிருந்தே கேட்பார்: "ஒயர உருவியாச்சா?" இரண்டு முனையையும், கரண்ட் பிளக்கோடு.